மாரிஸ் காரில் ஒரு செம்புத் தண்ணீர்

செஞ்சி காஸ்பர் பட்டை வைத்துக் கொடுத்த காரின் பின்சீட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்துத் திண்டிவனம் வரை பதினேழு மைல் ஓட்டிப் போனால், ஒரு சொட்டு சிந்தாது. சிந்தாதது மட்டுமா? புறப்படும்போது அந்தத் தண்ணீரில் விழுந்த ராஜகிரி மலையின் நிழல், திண்டிவனம் போய் இறங்கும்போதும் கலையாமல் இருக்கும்.

சரி, சரி. நிழல் கொஞ்சம் அதிகம்தான். திண்டிவனமும் இல்லை, பக்கத்தில் இருக்கும் சிங்கவரம் வரைக்கும்தான். செம்பும் கழுத்துவரை இல்லை, இரண்டு விரற்கடை குறைவு. ஆனால் சொட்டு சிந்தவில்லை என்பது சத்தியம்.

அறுபத்து நாலாம் வருஷத்துச் சங்கதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் காஸ்பரின் பட்டறை இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில், சக்கரத்துக்கு மேலே, வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள் அல்லவா? அவற்றைக் கழற்றிச் செப்பனிட்டு மாட்டுவதுதான் அவன் தொழில். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே முப்பத்தைந்து வயசை எட்டியவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் முகமே தெரியாது, உள்ளங்கால்தான் தெரியும் என்று கேலி பேசுவார்கள்.

அவன் மனைவி அமலோற்பவம். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே தோற்றவள். முதலாவது வல்லத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும்போது கலைந்தது. இரண்டாவது பஸ்ஸில். மூன்றாவது தங்கியபோது திண்டிவனத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கே வர வேண்டும், வரும் வழியில் உடம்பு குலுங்கவே கூடாது.

"குலுங்காம வரணும்னா சம்மனசுதான் தூக்கிக்கினு வரணும்" என்றாள் அமலோற்பவம்.

வானத்திலிருந்து சம்மனசு வரவில்லை; மாரிஸ் கார் வந்தது. கடலை மில் துரைக்கண்ணுவின் அப்பா முப்பத்தெட்டாம் வருஷம் வாங்கிய வண்டி. மகனுக்கோ சோழவரப் பைத்தியம். மெட்ராஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், உலகச் சண்டையின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை இருந்தது. அதில் வருஷத்துக்கு ஒருமுறை கார் பந்தயம். அதற்கு முன்னால் ஓட்டிப் பழகவும் நாள் விடுவார்கள். கிழட்டு மாரிஸை அதில் ஓட விட வேண்டும் என்று துரைக்கண்ணு பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கூலி வேணாம் சார். எங்க அமலுவுக்கு நாளு வந்தா, திண்டிவனம் வரைக்கும் வண்டி குடுங்க. அது போதும்" என்றான் காஸ்பர்.

"இன்னாப்பா இது, இதக் கேக்கணுமா? உன் வண்டின்னே வெச்சுக்க."

அங்கேதான் பிசகு. பந்தயத்துக்கு வந்த வண்டியைக் காஸ்பர் பிள்ளைத்தாய்ச்சிக்காகச் செய்தான். வண்டி மெத்தென்று போக, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பட்டையை உருவி எடுத்தான். மிச்சத்தை இழைத்து, மசகு தடவி அடுக்கினான். அவள் உட்காரப் போகிற இடத்தில் செம்பை வைத்துச் சிங்கவரம் போய்த் திரும்பினான். செம்பை அப்படியே வீட்டுக்குள் எடுத்துப்போய் நீட்டினான். "பாத்தியா, கொஞ்சமாச்சும் கொறஞ்சிருக்குதா?" அவள் சிரித்துக்கொண்டே அதை மடக்மடக்கென்று குடித்துத் தீர்த்தாள். "இப்ப கொறஞ்சிட்சி."

ஜனவரியில் சோழவரத்தில் பழகப் போனார்கள். நேர்ப்பாதையில் ஓடும்போது வண்டி ராஜா மாதிரிதான் ஓடியது. வளைவு வந்ததும் குடித்தவன் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்பக்கத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டது. "பாத்துய்யா, படகு கவுந்துடப் போவுது!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. ஒரு மீசைக்காரர், "இதுக்குப் பட்டை வெச்சவன் எவன்?" என்று சிரித்தபடி கேட்டார். பெட்ரோல் பீப்பாய்க்குப் பின்னால் நின்ற காஸ்பருக்குக் காது சுட்டது. அவன் வேலையைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

செஞ்சிக்குத் திரும்பியதும் துரைக்கண்ணு கேட்டார்: "இப்ப இன்னா பண்ணலாம்?"

"மூணு வழி இருக்குது சார். ஷாக் அப்சார்பர்ல கெட்டி எண்ணெய் ஊத்தலாம், சாயறது கொஞ்சம் கொறயும். உருவின பட்டைய திரும்பவும் மாட்டலாம், இன்னுங்கொஞ்சம் கொறயும். இல்லன்னா லாரிப் பட்டைய வெட்டி, சக்கரத்துக்கு ரெண்டு சேத்துட்டம்னா கல்லு மாதிரி நிக்கும். ஆனா ரோட்டுல புளியங்கொட்டை மேல ஏறினாக்கூட மண்டையில தெரியும்."

"எண்ணெய் மட்டும் மாத்துப்பா, போதும். உன் வூட்டுக்காரிக்கு வண்டி வேணுமில்ல?"

அப்படிச் சொன்னவர் துரைக்கண்ணு. அதைத் தட்டியவன் காஸ்பர். மீசைக்காரரின் சிரிப்பு அவன் காதில் இன்னும் இருந்தது. "அதுக்கு இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்குது சார். பந்தயம் முடிஞ்ச மறுநாளே பழசை மாட்டிடறேன்" என்று லாரிப் பட்டையையே வெட்டினான். அவளுக்காக இழைத்த பட்டைகளைக் கட்டிக் கொட்டகை ஆணியில் தொங்கவிட்டான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பந்தய எஞ்சின்களில் ஊற்றி எரிந்த விளக்கெண்ணெய் வாசனைக்கு நடுவே மாரிஸ் வளைவுகளில் சுவர் போல நிமிர்ந்து ஓடி மூன்றாவதாக வந்தது. அந்தப் பிரிவில் ஓடியவை மொத்தம் ஐந்துதான், அதில் ஒன்று புகைந்து பாதியில் நின்றுவிட்டது. அதை இங்கே சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதே மீசைக்காரர் காஸ்பரின் தோளில் தட்டினார்.

திங்கட்கிழமை மாலையும் கழுத்துமாக ஊர் திரும்பினார்கள். நான்கு சக்கரத்துக்கும் பட்டை மாற்ற அரை நாள் வேலை. காஸ்பர் ஸ்பானரைக் கையில் எடுத்தான். கடைத்தெருவே வண்டியைச் சுற்றி நின்று, கதவில் எழுதிய பந்தய நம்பரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று ஒரு நாள் ஊர் பார்க்கட்டுமே என்று ஸ்பானரை வைத்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் சோழவரத்து வளைவுகளைச் சோற்றுத் தட்டிலேயே விரலால் வரைந்து காட்டினான்.

"இன்னா அமலு, ஒண்ணுமே பேச மாட்டேங்கற?"

"நீங்க சொல்லுங்க. கேட்டுக்கினுதான இருக்கறேன்."

செவ்வாய் காலையில் அவளுக்கு வலி கண்டது. ஏழு மாசம்கூட முடியவில்லை.

காஸ்பர் ஆணியில் தொங்கிய பட்டைகளைப் பார்த்தான். அரை நாள் ஏது? ஆனால் லாரியின் வயிற்றைப் பார்த்தே வாழ்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: வெறும் லாரிதான் தூக்கிப் போடும், லோடு ஏற்றியது போடாது. மில்லுக்கு ஓடி, இரண்டாள் கனமுள்ள மூட்டைக்காரன் கன்னியப்பனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

"ஏறுப்பா."

"நான் இன்னாத்துக்கு?"

"கனத்துக்குத்தான்."

கன்னியப்பன் முன்சீட்டில் ஏறினான். காலடியில் கடலை மூட்டைகளைத் திணித்தார்கள். மருத்துவச்சி பூவாயி பின்சீட்டில் அமலோற்பவத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீருக்கு அந்தச் செம்பைக் கையில் பிடித்தாள். துரைக்கண்ணு ஓட்டினார். உள்ளே இடமில்லாமல் காஸ்பர் வெளியே ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டான். "பள்ளம் சார்! எடதாண்ட! மெதுவா, மெதுவா!" என்று திண்டிவனம் வரைக்கும் கத்தினான். கால்வாசி வழி போவதற்குள் உள்ளே எட்டிப் பார்த்தான். செம்பு காலி. தண்ணீரெல்லாம் அவள் புடவையில் இருந்தது.

ஆண் பிள்ளை. உயிர் இல்லை.

காலிச் செம்போடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பட்டை வைத்தவனுக்குத் தெரியாதா?

மறுநாளே லாரிப் பட்டைகளைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டு, ஆணியில் தொங்கியவற்றை மாட்டினான். துரைக்கண்ணு அதற்குப் பிறகு சோழவரம் என்ற பேரையே எடுக்கவில்லை. செஞ்சி வட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தாலும் மாரிஸ் போகும். நூறு பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்பார்கள். முப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மாசத்துக்கு ஒருமுறை காஸ்பர் செம்பில் தண்ணீர் வைத்துச் சிங்கவரம் போய்வருவான். சொட்டு சிந்தினாலும் நான்கு சக்கரத்துப் பட்டைகளையும் இறக்கி மறுபடி செப்பனிடுவான். ஆனால் அந்த வண்டியில் போய்ப் பிறந்த பிள்ளை ஒன்றின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. அமலோற்பவத்துக்கு மறுபடி தங்கவேயில்லை.

அறுபத்தொன்பதில் பக்கத்துத் தெரு சவரியம்மாளின் பேரனுக்கு ஞானஸ்நானம். மாரிஸில் போய்ப் பிறந்தவன். கோயில் முடிந்து வீட்டில் பந்தி நடந்தது. சோற்றில் கைவைத்துக்கொண்டே துரைக்கண்ணு பெருமை பேசினார்: "காஸ்பரு வெச்ச பட்டை! திண்டிவனம் வரைக்கும் செம்புத் தண்ணி அசையாது, தெரியுமா?"

இலையைப் பார்த்தபடியே காஸ்பர் சொன்னான்: "பெத்ததக் கொன்னுட்டுத்தான சார் அந்த வேலயக் கத்துக்கினேன்."

 குழம்பு வாளியோடு வந்த அமலோற்பவம் அவன் இலைக்கு எதிரே நின்றாள்.

"நீங்க கொல்லல."

காஸ்பர் நிமிர்ந்தான்.

"ஞாயித்துக்கெழமையே வயித்துல அசைவு நின்னுபோச்சு. நீங்க சோழவரத்துல இருந்தீங்க. மறுநாளு மாலையோட வந்து வாய் ஓயாம பேசினீங்க, எனக்குச் சொல்ல வாய் வரல. உசிரு போயி ரெண்டு நாளு ஆயிருக்கும்னு டாக்டரம்மாவும் என்னாண்ட சொன்னாங்க."

"அஞ்சு வருஷமா ஏன் அமலு சொல்லல?"

"கோவந்தான். எனக்குன்னு வெச்ச பட்டையக் கழட்டினீங்க இல்ல? கொஞ்ச நாளு வலிக்கட்டும்னு வுட்டேன். அப்புறம் எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "கன்னியப்பன் கனத்துல வண்டி அன்னிக்கு அவ்ளோ ஒண்ணும் குலுங்கல. என் வயித்துல கைய வெச்சுப் பாத்ததுமே பூவாயிக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. தண்ணி சிந்தினது உங்க பட்டையால இல்ல. அவங்க கைதான் நடுங்குச்சு."