நேரில் சொல்லாத அழைப்பு

நூற்றியிருபது நாற்காலிகள் போட்டிருந்தோம். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பின்மேசையில் ஆறு பெரிய தட்டுகளில் றோல்ஸும் வடையும் ஆறிக்கொண்டிருந்தன. புதுக் கோட்டு அணிந்த அண்ணை மேடைக்குக் கீழே நின்று வாசலைப் பார்ப்பார், பிறகு கைத்தொலைபேசியைப் பார்ப்பார். வாசலில் ஒருவருமில்லை. தொலைபேசி மட்டும் நிமிடத்துக்கொரு தரம் சிணுங்கியது. ‘வெற்றி நிச்சயம் அண்ணை’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், அண்ணையின் தேர்தல் கூட்டம். அந்த நாற்காலிகள் காலியாகக் கிடந்ததில் என் பங்கு பெரியது.

அண்ணை எனக்கு உறவில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பாதிச் சனத்துக்கு அவர் அண்ணைதான். நான் 2009ஆம் ஆண்டின் கடைசியில் தனியாகப் பாரிசுக்கு வந்து, அங்கே ஒரு சின்ன அச்சகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். கலியாணக் காட், கடை விளம்பரம், செத்தவர் நினைவாக அடிக்கும் அந்தியேட்டி மலர் என்று எல்லாம் என் கையால்தான் போகும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அண்ணை ஒரு கட்சியின் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் அடிக்க எங்களிடம் வருவார். பாரிசுக்கு வெளியே, ஆர்ஜொந்தெய்க்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் அவருக்கு வீடு. அந்த நகரத்தில் வாக்குரிமை உள்ள ஒவ்வொரு தமிழ் வீட்டுக் கதவையும் தானே போய்த் தட்டுவார். “அண்ணை ஒரு வீட்டுக்குள்ளை போனா ரெண்டு தேத்தண்ணி, ஒரு பஞ்சாயத்து, அதுக்குப் பிறகுதான் அரசியல்” என்று எங்கள் முதலாளி பகிடி பண்ணுவார். ஆனாலும் அந்த வீட்டுக்காரர் எல்லாரும் போய் வாக்குப் போட்டுவிட்டு வருவார்கள்.

2014 நகரசபைத் தேர்தலில் அண்ணையே வேட்பாளரானார். இங்கே தனி ஆளுக்கு வாக்கு இல்லை, பட்டியலுக்குத்தான். பட்டியலில் பெயர் மேலே இருந்தால் சபைக்குள் போகலாம். கீழே இருந்தால் படத்தில் மட்டும் சிரிக்கலாம். அந்தப் பட்டியலுக்குத் தலைமை வகித்த பிரெஞ்சு அம்மையார், தமிழர்களுக்கு ஒரு கூட்டம் வையுங்கள், வருகிறவர்களைப் பார்த்துவிட்டு உங்கள் இடத்தை முடிவு செய்கிறேன் என்று அண்ணையிடம் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வருடமாய் மற்றவர்களுக்காகப் படியேறிய மனிதர், முதல் பத்துக்குள் தன் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டார். ஆனால் அந்த மாரிக் குளிரில் அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

“ஏன் அண்ணை மாடி மாடியா ஏறுறியள்? முகநூலிலை ஒரு பக்கம் துவங்குவம். ஒரு படம் போட்டாக் காணும்” என்றேன். யோசனை முழுக்க என்னுடையது.

பக்கம் பற்றிக்கொண்டது. கோட்டோடு ஒரு படம், சந்தையில் மரக்கறி வாங்குகிற மாதிரி ஒரு படம், கோயில் வாசலில் ஒன்று. விருப்பங்கள் ஆயிரத்தைத் தாண்டின. கூட்டத்துக்கான அழைப்பையும் அங்கேதான் போட்டோம், அண்ணை ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. அண்ணைக்குத் தமிழில் தட்டெழுதத் தெரியாததால் அவர் பெயரில் நானே பதில் எழுதினேன். வேலை முடிந்து, அச்சகத்துக்குக் கிட்ட மார்க்ஸ் டோர்மோயில் இருந்த என் ஒற்றை அறைக்குப் போனதும் முதல் வேலை அதுதான். பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு, பார்ப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு இடம் உண்டு. இரண்டாவது கிழமையே அதைப் பார்த்துவிட்டேன். கனடா, இங்கிலாந்து, இலங்கை, நோர்வே. பிரான்ஸ் எங்கேயோ கீழே கிடந்தது. அண்ணையின் நகரத்தில் இருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

நான் சொல்லவில்லை. அண்ணை சந்தோஷமாக இருக்கிறார், குழப்பக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது பொய். ரொறொன்ரோவில் இருந்து ஒரு அம்மா ஒவ்வொரு நாளும் ‘சாப்பிட்டியளோ அண்ணை?’ என்று எழுதுவா. ‘ஓம் அம்மா, சாப்பிட்டன், நீங்கள்?’ என்று, சாப்பிடாமல் இருந்துகொண்டே நான் எழுதுவேன். இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணை பக்கத்தை விட்டுவிட்டு மறுபடி படியேறப் போய்விடுவார். எனக்கு அந்த மாலைகள் இல்லாமல் போய்விடும்.

கூட்டம் தொடங்க வேண்டிய நேரம் தாண்டி அரை மணியானதும் அம்மையார் மரியாதையாகக் கைகொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அண்ணை இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு குடும்பக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, ஒலியைக் கூட்டிப் பிடித்தார்.

“ஏன் தம்பி வரேல்லை?”

“நீங்கள் வீட்டை வந்து சொல்லேல்லையே அண்ணை. போனிலை படம் பாத்தனாங்கள். நல்ல வடிவு. லைக்கும் போட்டனான்.”

அவரில் பிழையில்லை. எங்கள் சனத்துக்கு வீடு தேடி வந்து சொல்வதுதான் அழைப்பு. கலியாணக் காட் தபாலில் வந்தால் போகவும் மாட்டார்கள், வருடக் கணக்கில் அதைச் சொல்லிக் காட்டவும் தவற மாட்டார்கள். தினமும் காட் அடிக்கிற எனக்கு இது தெரியாதா?

அண்ணை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் வாழ்த்தியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தார். “கனடா... இது லண்டன்... இதுவும் கனடா.” பிறகு தலை நிமிராமல் கேட்டார். “பிள்ளை, உனக்கு முதலே தெரியுமோ?”

“ஓம் அண்ணை.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். றோல்ஸ் தட்டுகளை மூடத் தொடங்கினார். இரண்டு கிழமைக்குப் பிறகு பட்டியல் வந்தது. அவர் பெயர் கடைசியில் இருந்து மூன்றாவது.

இப்போது தேர்தலுக்கு யாரும் எங்களிடம் துண்டுப்பிரசுரம் அடிக்க வருவதில்லை. வீடியோ செய்து தருவீர்களா என்றுதான் கேட்கிறார்கள். செய்து கொடுக்கிறேன், பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். அண்ணை அதன்பிறகு அச்சகத்துக்கு வரவில்லை. தேர்தல் முடிந்த அடுத்த சனிக்கிழமை, நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சென் லாசார் நிலையத்தில் அவருடைய ஊருக்கு ரயில் ஏறினேன். அவரே கதவைத் திறந்தார். தேத்தண்ணி தந்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது கையை அசைத்து, அதை விடு என்றார்.

“அந்தப் பக்கத்தை மூடிவிடு பிள்ளை.”

“கிடக்கட்டுமே அண்ணை. சனம் எழுதிக்கொண்டிருக்குது.”

“அதுகள் ஆருக்கு எழுதுதுகள்? நான் ஒருநாளும் பதில் எழுதினதில்லை. இனி ஆருக்காக அதை வைச்சிருக்கிறது?”

எனக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, மூடிவிட்டேன்.