சூசைமாணிக்கம் சொன்ன ஒரே பெயர்

பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரண்டு கும்பல்கள் கொக்கியாலும் கம்பியாலும் அடித்துக்கொண்ட காலம் அது. இரு பக்கத்துக்கும் உடைந்த எலும்பைக் கட்டியவன் சூசைமாணிக்கம். அடிபட்டவன் எவன் எங்கே பதுங்கிக் கிடக்கிறான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ரத்த நாற்றம் சலித்துப்போய், தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசர் வேலை கேட்டான்.

"இதுவரைக்கும் யார் யாருக்கு வைத்தியம் பார்த்தே? பேரு எழுதிக் கொண்டா" என்றார் டாக்டர்.

பதினேழு பேரை, அவர்கள் இருக்கும் தெருவின் பெயரோடு எழுதினான். அந்தக் காகிதத்தைப் பக்கத்து அறைக்காரனிடம் பெருமையாக ஆட்டியும் காட்டினான், மடையன். அறைக்காரன் வாய் சும்மா இருக்குமா?

ஒரு கும்பலின் தலைவன் வீரணன் ஆட்களோடு கதவை உடைத்துக்கொண்டு வந்தான். எதிராளிகளைப் படுக்கையிலேயே தீர்த்துக்கட்ட அவனுக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

"குடுத்துரு லா. ஒன்னைய ஒண்ணும் செய்ய மாட்டோம்."

சூசை காகிதத்தை வாயில் திணித்து மென்று விழுங்கினான். போன மாதம் சூசை கட்டிச் சரியாக்கிய அதே கையால் வீரணன் கம்பியை ஓங்கினான். சூசையின் இடது முன்கை இரண்டாக முறிந்தது. மயங்கும்வரை உதைத்தும் ஒரு பெயர்கூட வரவில்லை.

விழித்ததும், மணிக்கட்டை ஜன்னல் கம்பியில் கட்டி, பின்னால் சாய்ந்து இழுத்து, எலும்பைத் தானே சேர்த்தான். மூங்கில் தப்பை வைத்துப் பல்லால் முடிச்சுப் போட்டான்.

மறுநாள் காகிதமில்லாமல் வந்து நின்றவனை டாக்டர் முறைத்தார். பிறகு கட்டை அவிழ்த்து எலும்பைத் தடவிப் பார்த்தார். இம்மிகூடக் கோணவில்லை.

"இத யாரு கட்டினது?"

"நான்தாங்கய்யா. வைத்தியம் பார்த்த ஆளுங்கள்ல, வெளிய சொல்லக்கூடிய பேரு இந்த ஒண்ணுதான்."