ஏழாம் நம்பர் அறையின் நாதாங்கி

குற்றாலத்தில் நான் மேலாளராக இருக்கும் லாட்ஜில், ஏழாம் நம்பர் அறைக் கதவின் வெளிப்பக்கம் நான்கு திருகாணி ஓட்டைகள் இருக்கின்றன. நாதாங்கி இருந்த இடம். அந்த இரும்பு வளைந்துபோய் என் மேசை டிராயரில் கிடக்கிறது. தூக்கி எறிய இன்னும் மனம் வரவில்லை.

கொரோனா வந்த வருடம் அருவிகளை அடைத்துவிட்டு, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்த எங்கள் லாட்ஜை எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் என் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர். "ஒம் மச்சான் போன்ல ஒரு மாதிரி பேசுதாவ தம்பி, பாத்துக்கோ" என்று தென்காசியிலிருந்து அக்கா அழுதாள். நான் இருக்கும்போது என்ன பயம் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவர் இருந்த ஏழாம் நம்பர் அறைக்குப் போனால், மச்சான் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் ரத்தம். சீசனில் குடித்துவிட்டு அருவிக்கு ஓடப் பார்க்கிறவர்களை உள்ளே தள்ளி, வெளியே நாதாங்கி போட்டுவிடுவது எங்கள் தொழில் பழக்கம். போதை தெளிந்ததும் அவர்களே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கத்தில் என் கை தானாகப் போய் நாதாங்கியைப் போட்டது.

"தொறலே மாப்ள! அவனுக்கு மூச்சு முட்டுது, தொறலே!"

உள்ளே அவரைத் தவிர யாருமில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கதவுக்குத் தோளைக் கொடுத்து நின்றேன். கட்டில் காலை உடைத்தெடுத்து அடித்தார். பலகை பிளந்து, நாதாங்கி பிய்ந்து தெறித்தது. அடுத்த அடி என் இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தார். கொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். "மூச்சு இருக்கு" என்றார். "மூச்சு இருக்குலே" என்று தேம்பினார்.

தென்காசி டாக்டரிடம்தான் விஷயம் வெளியே வந்தது. வளைகுடாவில் மச்சான் தங்கியிருந்த தொழிலாளர் முகாமில், காய்ச்சல் கண்டவர்களை அறைக்குள் போட்டு வெளியே பூட்டியிருக்கிறார்கள். ஒரே அறையில் கூட அடைபட்டிருந்த சிவகிரிக்காரருக்கு மூச்சுத் திணறியபோது, மச்சான் கதவை உதைத்துக் கத்தியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துத் திறந்தார்கள், பிணத்தை எடுக்க. ஊர் வந்து சேர்ந்த மனுஷனைத் திரும்பவும் பூட்டிய புண்ணியவான் நான்.

கைக்கட்டு பிரித்த அன்றே எல்லா அறைகளின் நாதாங்கிகளையும் கழற்றினேன். முதலாளி கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். இப்போது போதைக்காரர் யாராவது வந்தால் வாசலில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்துகொள்கிறேன்.

மச்சான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, சுரண்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கோணிப்போன மணிக்கட்டைத் தடவி, "இன்னும் வலிக்குதாலே?" என்பார். ஏன் பூட்டினாய் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த இரும்பை எப்போதோ எறிந்திருப்பேன்.