நாவலப்பிட்டியில் இறங்கிய மூட்டை

என்னை நம்பி ஒருத்தி கொடுத்தனுப்பிய மூட்டையை, ஓடும் ரயிலில், நாலு பேர் முன்னிலையில், "என்னுடையது இல்லை" என்று சொன்னவள் நான்.

களவு போய்விட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என் கணவரிடம்கூட. பொய்! யாரும் திருடவில்லை. நான்தான் கைவிட்டேன்.

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். என்னை அறிந்தவர்களிடம் சொல்லும் துணிவு இரண்டு ஆண்டுகளாகியும் எனக்கு வரவில்லை.

கோத்தகிரியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அங்கே ஆயாவாக வேலை செய்பவள் ராசம்மா. இலங்கையில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய தங்கை பாக்கியத்துக்கு ஆறு வயது. பிள்ளையில்லாத அத்தை ஒருத்தி அந்தச் சின்னவளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தாய் கிளம்பினாளாம். அந்த ஆறு மாதம் முடியவே இல்லை... தாய் கோத்தகிரியிலேயே இறந்துபோனாள். பாக்கியம் இன்னும் அதே தோட்டத்தில், லயம் என்று சொல்லும் அதே வரிசை வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து பறிக்கிறாள்.

நான் ஹட்டனுக்குச் சுற்றுலா போகிறேன் என்று தெரிந்ததும் ராசம்மா என் வீட்டுக்கு வந்தாள். முதுகில் ஒரு சாக்கு மூட்டை. வாயைச் சணல் போட்டுத் தைத்திருந்தாள்.

"ஒரு பித்தளைக் கொடம் டீச்சர். உள்ளுக்கு ஒரு வெளக்கும் தட்டும் வச்சிருக்கேன். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நீங்க ஹட்டன்ல எறங்குனாப் போதும், அவளே வந்து எடுத்துக்குவா. கனமா இருக்கேன்னு நெனைக்காதீங்க."

மேலே பெயரும் ஊரும் எழுதட்டுமா என்று கேட்டாள். "நான்தான் கையோடு கொண்டுபோகிறேனே, விலாசம் எதற்கு?" என்று சிரித்தேன்.

விமானத்தில் அது ஏறிவிட்டது. சிரமம் கொழும்புக் கோட்டை நிலையத்தில்தான் தொடங்கியது. ஒரு கையில் என் சூட்கேஸ், மறுகையில் அந்தச் சாக்கு. பத்தடி நடந்து இறக்கி வைப்பேன், மறுபடி தூக்குவேன். விரல்கள் சிவந்துபோயின. புதிய தேசம், புரியாத அறிவிப்புகள், முட்டிமோதும் கூட்டம். அப்போதே என் மனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு... இவளுக்கு ஏன் ஒப்புக்கொண்டேன்?

ரயிலில் ஏறும்போது உதவியவர் ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. "தாங்க தங்கச்சி, நான் ஏத்துறன்" என்று முதலில் சாக்கை வாங்கினார். மேல்தட்டெல்லாம் வெள்ளைக்காரப் பயணிகளின் முதுகுப் பைகளால் நிறைந்திருந்தது. அவற்றை ஒதுக்கி என் சூட்கேசை ஏற்றினார். சாக்குக்கு இடமில்லை. கதவோரத்தில், கழிவறைச் சுவரோடு சாய்த்து வைத்தார். "இதுக்குள்ள என்ன, கல்லா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கேட்டீர்களா? மூட்டை என்னுடையது என்று அவருக்குத் தெரியும். அவர் எனக்கு எதிர் இருக்கையில்தான் அமர்ந்திருந்தார்.

கம்பளையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கதவுப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் நனையாமலிருக்க உள்ளே வந்தார்கள். ஒருவன் சாக்கில் தடுக்கி விழப்பார்த்தான். ரயில் கார்டு வந்தார். அவர் பின்னால் ஒரு போலீஸ்காரர். உரிமையாளர் அருகில் இல்லாத தைத்த மூட்டை... அந்த நாட்டில் அதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. காலம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் எச்சரிக்கை அது.

"மேக காகெத?" என்று போலீஸ்காரர் பெட்டி முழுதும் கேட்கும்படி வினவினார்.

எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி புரிந்தது. இது யாருடையது? அந்த இடத்தில் வேறென்ன கேட்க முடியும்!

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போலீஸ்காரர் ஒவ்வொரு இருக்கையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் பெரியவர் என்னைப் பார்த்தார். போலீஸ்காரரிடம் ஏதும் சொல்லாமல் என்னிடமே கேட்டார்.

"தங்கச்சி, அந்தச் சாக்கு யார்ட எண்டு கேக்கிறார். ஒங்கட தானே?"

"இல்லை" என்றேன்.

பெரியவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். மிகவும் தணிந்த குரலில், "நல்லா பாத்துச் சொல்லுங்க தங்கச்சி" என்றார்.

"என்னுடையது இல்லை. என் பெட்டி மேலே இருக்கிறது."

அவர் போலீஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ இரண்டு சொல் சொன்னார். என் மறுப்பைத்தான் சொல்லியிருப்பார். அதன் பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

பயம் என்று நெடுநாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்நிய நாடு... சீருடை... தைத்த மூட்டை... உள்ளே வேறு ஏதாவது இருந்துவிட்டால்? என் பாஸ்போர்ட் என்னாகும், வேலை என்னாகும்? இப்படியெல்லாம் ஒரு கணத்தில் ஓடியது உண்மைதான்.

ஆனால் ராசம்மாவை எனக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும். என் மகளுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் இருந்து வேப்பிலையால் தடவிக்கொடுத்தவள். அவள் குடம் என்றால் அது குடம்தான். அந்த மூட்டையைக் கொடுத்தது எங்கள் தலைமையாசிரியையாக இருந்திருந்தால், அதற்குள் வேறு ஏதாவது இருக்குமோ என்று நான் நினைத்திருப்பேனா? மாட்டேன்! ஆயா கொடுத்தது என்பதால் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது... ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. "இல்லை" என்று சொன்ன மறுகணம் என் தோள்கள் இலேசாயின. ஹட்டனில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம்! அந்த நிம்மதியை நான் அனுபவித்தேன். யாரிடமும் சொல்லாதது இதுதான்.

நாவலப்பிட்டியில், மலை ஏறுவதற்கு முன், ரயில் சற்று நேரம் நின்றது. இரண்டு ஊழியர்கள் சாக்கை இறக்கிப் பிளாட்பாரத்தின் ஓரத்தில், யாரும் இல்லாத இடத்தில், மழையில் வைத்தார்கள். போலீஸ்காரர் ஒரு கத்தியால் தையலைப் பிரித்தார். பித்தளையின் மஞ்சள் வாய் தெரிந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஊழியர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார்.

அப்போதாவது எழுந்திருக்கலாமே! ஆபத்து ஒன்றுமில்லை என்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இறங்கி நான்கடி நடந்தால் போதும். ஆனால் எதிரே பெரியவர் அமர்ந்திருந்தார். சற்றுமுன் சொன்ன பொய்யை அவர் எதிரிலேயே மாற்றிச் சொல்ல வெட்கம் தடுத்தது. ஆம்... பயத்தில் தொடங்கியது வெட்கத்தில் உறுதியாயிற்று.

ஹட்டன் நெருங்கியபோது பெரியவர் தம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"நாவலப்பிட்டி ஸ்டேஷன் மாஸ்டர்ட ரூம்ல வச்சிருப்பாங்க. போய்க் கேட்டா குடுப்பாங்க."

அவ்வளவுதான். கடிந்து ஒரு சொல் இல்லை. இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

பிளாட்பாரத்தில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். ராசம்மாவின் முகத்தை யாரோ வெயிலிலும் பனியிலும் இன்னும் கொஞ்சம் காயவைத்தது போல இருந்தாள். பக்கத்தில் கல்யாணப் பெண், அவள் மகள். பாக்கியத்தின் கையில் ஒரு துணிச் சும்மாடு. மூட்டையைத் தலையில் வைத்துச் சுமப்பதற்காக வீட்டிலிருந்தே சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"வாங்க டீச்சர், நல்லா வந்தீங்களா? மழைல நனைஞ்சிட்டீங்களே..." என்றவளின் கண்கள் என் கைகளை, என் பின்னால், ரயில் கதவைத் தேடின. "கொடம் எங்கங்க டீச்சர்?"

"காணோம் பாக்கியம். யாரோ எடுத்துட்டாங்க."

அவள் சும்மாட்டைக் கீழே போடவில்லை. இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எது வரைக்கும் இருந்துச்சுங்க?"

நாவலப்பிட்டி என்ற பெயர் என் வாய்க்குள்தான் இருந்தது. அதைச் சொன்னால், நிலையத்திலிருந்து ஒரு போன் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் நாவலப்பிட்டிக்கு மேலே, ஹட்டனுக்குச் சற்று முன் உள்ள ஊரைச் சொன்னேன்.

"வட்டவளை தாண்டியும் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் காணோம்."

"அப்ப ரயிலுக்குள்ளதான் இருக்கும்!"

கொடி அசைந்துவிட்டது. ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. பாக்கியம் ஓடினாள். ஒவ்வொரு ஜன்னலாகக் கையால் தட்டிக்கொண்டு, "ஒரு சாக்கு... பித்தளைக் கொடம்... பாத்தீங்களா?" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்திக்கொண்டு, பிளாட்பாரம் முடியும் வரை ஓடினாள். மகள் பின்னாலேயே ஓடி அவளைப் பிடித்து நிறுத்தினாள். பயணிகள் சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"நீங்க ஏன் டீச்சர் அழுவுறீங்க? உங்களுக்கு ஒன்னும் ஆவலையே, அது போதும். சாப்பிட்டீங்களா?"

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் அவள் சொன்னாள்.

"அக்கா போன்ல சொன்னிச்சு டீச்சர். அந்தக் கொடம் அம்மா இந்தியாவுக்குப் போயி மொதமொதல்ல வாங்குனதாம். கடையில சொல்லி அதுல எம் பேர வெட்டச் சொல்லியிருக்காங்க. யாரையும் தண்ணி எடுக்க விடமாட்டாங்களாம். சின்னவ வந்து எடுத்துக்குவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம்." சும்மாட்டை மடியில் வைத்து நீவினாள். "அம்மா என்னைய மறந்துட்டாங்கன்னுதான் டீச்சர் இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

கையில் இருந்த ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து அதே பாதையில் கொழும்புக்குத் திரும்பினேன். நாவலப்பிட்டியில் ரயில் நின்றது. மழை இல்லை. நிலைய அதிபரின் அறைக்கதவு திறந்திருந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன்; ஒரு காலைப் படியில் வைத்தேன். மறுநாள் என் விமானம். மூட்டையை வாங்கினால் யாரிடம் கொடுப்பது, பாக்கியத்திடம் எப்படிச் சொல்வது, முதலில் ஏன் மறுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது... எண்ணி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது.

முதல் "இல்லை" ஒரு பதற்றத்தில் வாயிலிருந்து வந்தது. இது அப்படியல்ல. நன்றாக யோசித்து, காலைப் படியிலிருந்து நானே மேலே எடுத்தேன்.

கோத்தகிரியில் ராசம்மா எனக்காகப் பள்ளி வாசலில் காத்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கேட்டது மன்னிப்பு! "உங்களப் போயி அவ்வளவு பாரத்தத் தூக்க வச்சிட்டேனே டீச்சர். போனாப் போவுது, விடுங்க." அதற்குப் பிறகு அந்தக் குடத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. மற்ற ஆசிரியைகளிடம், என் மனம் நோகுமென்று யாரும் பேச வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டாளாம்.

பாக்கியத்தின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள். பாக்கியம் வீடியோ அனுப்பியிருந்தாள்.

பிறகு ஒருநாள் போன் செய்தாள். பெயர் வெட்டியதெல்லாம் கட்டுக்கதை என்று அவள் கணவர் சொல்லியிருக்கிறார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கொடத்துல எம் பேரு இருந்துச்சா? நீங்க கண்ணால பாத்தீங்களா? இல்ல, எம் மனசு ஆறட்டும்னு அக்கா சும்மா சொன்னிச்சா?"

"சாக்கு தைச்சிருந்தது பாக்கியம். நான் பார்க்கலை."

அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது. "சரிங்க டீச்சர்" என்று போனை வைத்தாள்.

ஆனாலும் அவள் தேடுவதை நிறுத்தவில்லை. வேலையில்லாத ஞாயிறுகளில் ரயிலேறிப் போகிறாள். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா... ஒவ்வொரு நிலையமாக இறங்கி, பெயர் வெட்டிய பித்தளைக் குடம் யாராவது கொண்டுவந்து கொடுத்தார்களா என்று கேட்கிறாள். எல்லாம் ஹட்டனுக்கு மேலே. நான் காட்டிய திசை! குடம் இறங்கியது கீழே, அவள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். இன்னும் அங்கேதான் இருக்கிறதா, யார் அடுப்படியிலாவது தண்ணீர் நிறைந்து நிற்கிறதா... எனக்குத் தெரியாது.

போன வாரம் அவள் குரல் மீண்டும் வந்தது.

"பட்டிப்பொல வரைக்கும் பாத்துட்டேன் டீச்சர். அங்க குளிரு தாங்கல. மேக்கொண்டு ஒஹிய, அப்புத்தளைன்னு இருக்கு. முட்டி வலிக்குது. ஊட்டுல வேணாங்குறாங்க. நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. போவட்டுமா, விட்டுறட்டுமா?"

விட்டுவிடு என்று சொல்லலாம்தான். ஏன் டீச்சர் என்று கேட்பாள். அந்த 'ஏன்' என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது...

"போய்ப் பாருங்க பாக்கியம்" என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போயிருப்பாள்.