சனிக்கிழமைகளில் திறக்கும் அறை

கேதீஸ்வரியை முதலில் குரலாகத்தான் அறிந்தேன். வெளிநாட்டிலுள்ள ஒரு சிறிய அமைப்பு, பல நாடுகளில் நீதிக்கும் சமாதானத்துக்குமாக வேலை செய்யும் ஊர்க் குழுக்களுக்கு உதவி வந்தது. அந்தக் குழுக்களையெல்லாம் சேர்த்து இணையத்தில் ஒரு கூட்டம் வைத்தபோது, அவருடைய தமிழை ஆங்கிலமாக்க என்னைக் கேட்டார்கள். என் பெயர் நஸ்ஹா, ஊர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடி, மொழிபெயர்ப்பு என் தொழில். அன்று கேட்டதையும் பிறகு அவரிடம் போய்வந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கேதீஸ்வரியின் ஊர் மட்டக்களப்பை அடுத்த தமிழ்க் கிராமமான தன்னாமுனை. காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. கணவர் சிறுநீரக வருத்தத்தில் போய்விட்டார். ஒரே மகள் ஆர்த்திகா கொழும்பில் வேலை செய்கிறாள். தொண்ணூறாம் ஆண்டில், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே இரத்தம் ஓடிய நாட்களில், வயலுக்குப் போன அவருடைய தகப்பன் திரும்பி வரவில்லை. அப்போது அவர் சிறுமி.

பக்கத்து முஸ்லிம் ஊரான ஏறாவூரைச் சேர்ந்த ஸகியாவை அவர் சந்தித்தது பல வருடங்களுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில், டெங்கு வார்டில். இருவருடைய பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் கிடந்தார்கள். ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். ஒரு பின்னேரம் ஸகியா தன் நானாவை, மூத்த அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அதே தொண்ணூறாம் ஆண்டு. கடைக்குச் சாமான் எடுக்கப் போனவர், திரும்பவில்லை.

"உங்கட ஆக்கள்தான்," என்றாள் ஸகியா.

"எங்கட அப்பாவ உங்கட ஆக்கள்," என்றார் கேதீஸ்வரி.

கொஞ்சம் பொறுத்து ஸகியா எழுந்துபோய் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தாள்.

குழு என்று ஒன்று தொடங்கியது அந்தத் தேத்தண்ணியிலிருந்துதான். பிள்ளைகள் சுகமாகி வீடு திரும்பிய பின்பும் இருவரும் போனில் பேசினார்கள். ஸகியா இரண்டு மச்சிமாரைக் கூட்டிவந்தாள். கேதீஸ்வரி தன் தம்பி உதயரூபனின் மனைவியையும் அயலில் நாலைந்து பேரையும் கூட்டிவந்தார். இரு ஊர்களின் எல்லையில், வாவிப் பக்கமாக, அப்துல் மஜீத் என்ற வியாபாரி முன்பு நெல் மூட்டை அடுக்கிவைத்த அறை ஒன்று சும்மா கிடந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே கூடினார்கள். கதை, சிரிப்பு, சில நேரம் அழுகை. ஆனால் வேலையும் செய்தார்கள். ஒரு மாடு காணாமல் போனாலும், பஸ்ஸில் ஒருவரை ஒருவர் இடித்தாலும் ஊர்ச் சண்டையாகிவிடும் இடம் அது. ஒரு கதை கிளம்பினால் அங்கிருந்து ஒருத்தியும் இங்கிருந்து ஒருத்தியும் போய், என்ன நடந்தது என்று விசாரித்து, இரண்டு பக்கமும் ஒரே செய்தியைச் சொல்வார்கள். பல சண்டைகள் அப்படியே அடங்கின. வெளிநாட்டு அமைப்பு இதைக் கேள்விப்பட்டு வந்து பார்த்தது. அறை வாடகையையும் பெண்களின் போக்குவரத்தையும் பொறுப்பேற்றுக்கொண்டது.

பிறகு, இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. முஸ்லிம் தீவிரவாதக் கும்பல் ஒன்றின் குண்டுகள் நாட்டில் பல இடங்களில் வெடித்தன. மட்டக்களப்பிலும் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. தமிழ்ப் பெண்கள் வரமாட்டோம் என்றார்கள். முஸ்லிம் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே இறங்கவே பயந்தார்கள். கேதீஸ்வரி அறையில் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு ஸகியா வீட்டுக்குப் புறப்பட்டார். சந்தியில் தம்பி உதயரூபன் மறித்தான்.

"எங்க போறாய்?"

"ஸகியாவப் பாத்திட்டு வாறன்."

"செத்த புள்ளைகளிர முகத்த நினைச்சுப் பாத்தியா அக்கா? இப்ப அங்க போனா இனி என்ட வாசலுக்கு வராத."

அவர் போனார். ஸகியா வீட்டுக் கேற் பூட்டிக் கிடந்தது. தட்டியதும் ஸகியாவின் கணவர் ஜிப்ரி உள்ளே நின்றபடியே பேசினார். அவர் முகம் தெரியவில்லை.

"போங்க தங்கச்சி. நீங்க இஞ்ச நிக்கிறது உங்களுக்கும் நல்லமில்ல, எங்களுக்கும் நல்லமில்ல."

"ஸகியா இருக்காவா?"

கேற்றுக்குப் பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கேதீஸ்வரி திரும்பி நடந்தார். இரண்டு வாசல்களும் ஒரே நாளில் அடைபட்டன.

உதயரூபன் சொன்னபடியே இருந்தான். தம்பியின் மகள் பெரியவளாகிச் சாமத்திய வீடு வைத்தபோது அவருக்குச் சொல்லவில்லை. கடைகள் சிலதில் அவருடைய இடியப்பத்தை எடுக்காமல் விட்டார்கள். கொரோனா வந்தது, போனது. ஆனாலும் சனிக்கிழமைகளில் அவர் அறையைத் திறந்தார். "யாருக்காகம்மா?" என்று மகள் போனில் சண்டை பிடித்தாள். "ஆரும் வந்தா பூட்டியிருக்கக் கூடாது" என்பார். அவ்வளவுதான்.

நான் மொழிபெயர்த்த கூட்டம் இதற்குச் சில வருடங்கள் கழித்து நடந்தது. திரையில் பல நாட்டுப் பெண்கள், சில ஆண்கள். ஒவ்வொருவராகத் தங்கள் குழுவைப் பற்றிச் சொன்னார்கள். கேதீஸ்வரியின் முறை வந்தது. கூட்டத்தை நடத்திய பெண், உங்கள் குழுவில் இப்போது எத்தனை பேர் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஆருமில்ல மகள். நான் மட்டுந்தான். அத அப்பிடியே சொல்லுங்க," என்றார் என்னிடம்.

அப்படியே சொன்னேன். அப்போது பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவிலிருந்து லோர்னா என்ற பெண் கை உயர்த்தினார். அவர் ஊரிலும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக மோதிக்கொண்டவர்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தனியாக இருக்கும்போது அந்த அறையில் என்ன செய்வீர்கள்?

"அறையக் கூட்டுவன். கதிரையெல்லாம் விரிச்சு வைப்பன். ஆரும் வந்தா இருக்கோணுமே. மறுகா பொழுதுபட, மடிச்சு வைப்பன்."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். லோர்னா தலையாட்டினார். தன் குழுவும் ஒரு குண்டுவெடிப்புக்குப் பிறகு கலைந்ததாகவும், தானும் அப்படி இருந்ததாகவும் சொன்னார்.

"மறுகா ஆரும் வந்தாங்களா?" என்று கேட்டார் கேதீஸ்வரி.

ஒருத்தி வந்தாள், பிறகு அவளும் நின்றுவிட்டாள் என்றார் லோர்னா. கேதீஸ்வரி சிரித்துவிட்டார். லோர்னாவும் சிரித்தார்.

அதன் பிறகு லோர்னா சனிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் வீடியோவில் அழைக்கத் தொடங்கினார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு கேதீஸ்வரி மாவு அரிப்பார். அங்கே லோர்னா மீன் ஆய்வார். ஒருவர் நிமிர்ந்தால் மற்றவரும் நிமிர்வார். லைன் இழுத்து இழுத்துப் பிறகு அறுந்துபோகும். அறுந்ததும் அறையில் சத்தமே இல்லாமல் போய்விடும் என்று அவர் என்னிடம் சொன்னார்.

போன வருடம் ஏறாவூர் வான் ஒன்று தன்னாமுனைக்காரர் சாமித்தம்பி என்ற மேசனின் சைக்கிளில் மோதியது. அவர் செத்துவிட்டார் என்று கொஞ்ச நேரத்திலேயே எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்தது. சந்தியில் டயர் எரித்தார்கள். கேதீஸ்வரி ஓட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். சாமித்தம்பி காலில் கட்டோடு படுத்திருந்து, "வீட்ட சொல்லுங்க அக்கா, பயப்பிடப் போறாங்க," என்றார். கேதீஸ்வரி அங்கேயே நின்று, வருடக்கணக்கில் அழைக்காத ஸகியாவின் நம்பரை அழுத்தினார். உடனே எடுக்கப்பட்டது.

"ஆள் உயிரோட இருக்கார் ஸகியா. கால்தான் முறிஞ்சிருக்கு. உங்கட ஆக்களுக்குச் சொல்லு, ஆரையும் வெளிக்கிட விடாத."

"சொல்றன் அக்கா. இப்பவே சொல்றன்." பிறகு, "நீங்க சுகமா?" என்று ஸகியா கேட்டாள். கேதீஸ்வரி அதற்குள் ஓட்டோவை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்.

சந்திக்கு வந்து கூட்டத்துக்கு நடுவே நின்று, தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். சிலர் ஏசினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த சாமித்தம்பியைப் போனில் அழைத்துப் பேச வைத்து, அதை ஒலிபெருக்கியில் போட்டார். குரல் கேட்டதும் கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. உதயரூபனும் அங்கே நின்றான். அக்காவைப் பார்த்தான். காலால் மண்ணைத் தள்ளி டயரை அணைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரம் யாராவது அறைக்கு வருவார்கள் என்று கேதீஸ்வரி எதிர்பார்த்தார். வரவில்லை. ஸகியா மட்டும் போனில் அழைத்தாள்.

"வர ஆசைதான் அக்கா. மகள்ட மாப்பிள்ளை வீட்டாக்கள் ஒரு மாதிரி. நான் வந்தா அவளுக்குத்தான் பேச்சு."

"வராட்டிக் காரியமில்ல. கூப்பிட்டா எடு."

"எடுப்பன்."

வெளிநாட்டு அமைப்புக்கும் பணம் குறைந்துபோயிற்று. இந்த வருடத்தோடு உதவி நிற்கிறது என்று அறிவித்துவிட்டார்கள். வாடகை வேண்டாம், அறை சும்மாதானே கிடக்கிறது என்று அப்துல் மஜீத் சொல்லிவிட்டார்.

போன சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். விரித்திருந்த கதிரைகளில் ஒன்றில் நான், ஒன்றில் அவர். பின் ஜன்னலால் வாவிக் காற்று வந்தது. வீதியில் போன இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கேதீஸ்வரி எழுந்து நின்றார். அவர்கள் நிற்காமல் போனார்கள். அன்று லோர்னாவும் அழைக்கவில்லை. வெயில் சாய்ந்தது.

"நீங்க வெளிக்கிடுங்க மகள். காத்தான்குடி பஸ் போயிரும்," என்றார்.

"நீங்க?"

"நான் இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போறன்."