வாடகையில்லாத வீடு

என் மனைவியின் தம்பி குத்தம்பாக்கத்திலிருந்து வந்து பட்டணத்துக் கல்லூரியில் சேர்ந்தான். அவன் அப்பா கூலி வேலையில் சேர்த்து வைத்ததெல்லாம் பீஸுக்கே போய்விட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, டெர்முக்கு டெர்ம் அவ்வளவு பணம் ஏன் என்பதே விளங்கவில்லை. ஹாஸ்டலுக்கு மிச்சமில்லை. அப்போது நான் மண்ணூர்பேட்டையில் கம்பெனி வேலையில் இருந்தேன். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தோம். அவன் புத்தகம் விரிக்க இடம் ஏது?

எங்கள் தெருக் கடைசியில் ஒரு ஓட்டு வீடு பூட்டியே கிடந்தது. அங்கே குடியிருந்த ஓர் அம்மாள், மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தபோதே விழுந்து இறந்துபோனாள். பிறகு யாரும் குடிவரவில்லை. வீட்டுக்காரர் என் மச்சானைக் கூப்பிட்டுச் சாவி கொடுத்தார்.

"வாடகை வாணாம்பா. விளக்கு எரிஞ்சா ஜனங்க பயம் போயிடும். யாராச்சும் குடி வந்தா மட்டும் ஊட்டக் காலி பண்ணிடு."

வேண்டாமென்று சொல்ல நினைத்தேன். எதிரே நின்று பேச எனக்கு எப்போதும் வராது.

முன்னறையிலேயே படித்தான், படுத்தான். சமையலறையைத் திறக்கவே இல்லை. சமைக்க என்ன இருந்தது? காலையில் டீயும் பன்னும், இரவில் எங்கள் வீட்டில் ஏதாவது. ரயிலுக்குச் சீசன் டிக்கெட் வாங்கினால் அந்தப் பன்னும் இல்லை.

பரீட்சைக்கு முந்தைய லீவில் ஒரு நாள் சொன்னான்: "மாமா, மத்தியானம் ஆனா உள்ள கொழம்பு கொதிக்கிற வாசனை வருது."

என் மனைவி சிரித்துவிட்டாள். "பசிடா அது. காஞ்ச வயிறு இன்னா இன்னாவோ மோந்து பாக்கும்."

அவனும் சிரித்தான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அந்த வாரமே ஆவடியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வீடு பார்க்க வந்தார்கள். விளக்கு எரிந்ததில் ஊர்ப் பேச்சு அடங்கியிருந்தது. மச்சான் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றான். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போகிறேன் என்று காலையில்தான் அக்காவிடம் அழுதிருந்தான்.

அந்தப் பெண் முன்னறையைப் பார்த்துவிட்டுச் சமையலறைக் கதவருகே போய் நின்றாள்.

"இன்னாங்க, காலி ஊடுன்னீங்க? உள்ள மீன் கொழம்பு கொதிக்குதே!"

"பசிம்மா உனக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"இப்பத்தான் வயிறு முட்ட பிரியாணி துன்னுட்டு வர்றோம்" என்றான் அவள் புருஷன்.

வீட்டுக்காரர் கதவைத் தள்ளினார். துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் விடவில்லை. உள்ளே அடுப்பு முழுக்க ஒட்டடை. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அவளோ புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். புருஷனும் பின்னாலேயே போனான்.

"நம்ம ஊட்டுக்கே வந்துடு. எப்படியாச்சும் படுத்துக்கலாம்" என்றேன் மச்சானிடம்.

அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கைகள் புத்தகக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

"அங்க எப்படி மாமா படிக்கிறது? பீஸும் கட்டியாச்சு. அந்தச் செத்துப்போன அம்மா பாட்டுக்குச் சமைச்சுக்கினு இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவன் இரவிலும் சாப்பிட வரவில்லை. கூப்பிடப் போனேன். பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். சமையலறைக் கதவு திறந்திருந்தது.

"துன்னுட்டியாடா?"

"ஆச்சு மாமா" என்றான், தலையைத் தூக்காமல்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. பரீட்சை எழுதப் போன அன்று பார்த்தேன். அவன் கன்னத்தில் சதை பிடித்திருந்தது.