தேதி போடாத ஒரு நாய்ப்படம்

1998 டிசம்பர் முதல் வாரம். சதுரங்கப்பட்டினத்தை அடுத்த அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். கோவையில் விடுதியில் தங்கிப் படித்த மகளிடமிருந்து கடிதம் வந்தது. நான் அனுப்பிய ஆறு படங்களைப் பற்றி அதில் ஒரே வரி: "அப்பா, இதுல ஜிம்மி எங்கப்பா?"

ஜிம்மி எங்கள் நாய். மூக்கு முதல் வால் வரை கறுப்பு. வயது பதின்மூன்று. சிறுநீரகம் கெட்டுவிட்டது, பொங்கல் வரை தாங்குவது சந்தேகம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். மகளுக்கோ பரீட்சை முடியவே பொங்கலாகிவிடும். படமாவது அனுப்புங்கள் என்று அவள் கேட்டது அதனால்தான்.

என் கேமரா படத்தின் மூலையில் தேதி அச்சிடும். நாட்குறிப்பு எழுதும் நான் அதற்காகவே அதை வாங்கினேன். நல்ல வெளிச்சம் வேண்டுமென்று உச்சி வெயிலில், புதிதாக வெள்ளையடித்த சுவரோரம் ஜிம்மியை நிறுத்தி எடுத்திருந்தேன். தபாலில் சேர்க்கும்போது தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய், நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இன்னா சார், நாய எடுக்கப் போயி செவுத்த எடுத்துகினு வந்துகிறீங்க? தேதி மட்டும் ஜோரா வுழுந்துகீது!"

"பிரிண்ட்ல சரி பண்ண முடியாதா?"

"நெகட்டிவ்லயே மூஞ்சி இல்ல. நான் எங்கேர்ந்து கொண்டாறது?"

வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுப்பு கரிக்கட்டியாகிவிடும் என்றார். வெயில் வேண்டாம், நிழலின் ஓரம் போதும். முகம் திறந்த வானத்தைப் பார்த்திருந்தால்தான் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழும்.

"நீங்க தரையில படுத்துகினு எடுங்க."

"படுத்தா?"

"நாய்க்கு நீங்க ஆபீசரா சார்? படுங்க!"

அந்த வாரமே ஒரு மாலை, குடியிருப்பு வாசலை ஒட்டிய சாலையோரச் சவுக்குத் தோப்புக்கு ஜிம்மியைத் தூக்கிப் போனோம். மகள் இங்கே படித்த காலத்தில் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய இடம் அது. அப்போதெல்லாம் ஜிம்மி தினமும் அங்கேதான் காத்திருக்கும். எண்கள் அதன் காலின் மேல் விழுமே என்று தேதியை அணைத்துவிட்டு மண்ணில் படுத்தேன். சைக்கிளில் போன சக ஊழியர் கேட்டார்: "இன்னா சார், யோகாவா?"

ஜிம்மி தலையைத் தூக்கவே இல்லை. முன்னங்கால்மேல் முகத்தை வைத்துக் கிடந்தது. கூப்பிட்டோம், சொடக்குப் போட்டோம். கடைசியில் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "டேய், பாப்பா வந்துட்டாடா."

காதுகள் நிமிர்ந்தன. தலை எழுந்தது. வெறும் சாலையை அது பார்த்தது. நான் எடுத்துவிட்டேன். அதன் பிறகும் வெகுநேரம் அது தலையைத் தாழ்த்தவில்லை. என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செங்கல்பட்டு லேபிலிருந்து வந்த படத்தில் புருவத்து நரைகூடத் தெரிந்தது. போகிக்கு நான்கு நாள் முன்பு ஜிம்மி போய்விட்டது. மகள் போகியன்றுதான் வந்து இறங்கினாள்.

படம் இப்போது அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒருமுறை கேட்டாள். நாட்குறிப்பைப் புரட்டினேன், அந்த வாரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொய் சொல்லித் தலை தூக்க வைத்ததை எழுத எனக்குக் கை வரவில்லை போலும். ஜிம்மியின் கண்ணில் இருப்பது வானத்து வெளிச்சம்தான் என்று பாய் சொன்னார். அவளுக்காக அது கடைசியாகக் காத்திருந்த வெளிச்சம் அது என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது.